தேசிக்காய் தேய்த்த தகடு

அந்தத் தகட்டில் ஒரு எழுத்துக்கூட இல்லை. விரல் நீளம், இரண்டு விரல் அகலம், நாலு மூலையிலும் நாலு சின்ன ஆணி. பனி தள்ளும் மெசினின் கைப்பிடிக்குக் கீழே நெற்றி மாதிரி ஓர் இடம் இருக்கிறது; அங்கேதான் அதை அடித்திருந்தார்கள். முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. உதிரிச் சாமான் கடைக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் ரெலிபோனில் நான் எடுத்துக்கொண்டு போன படத்தைப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவர் ஜெர்மனில் கேட்டதை என் வாய்க்கு வந்தபடி எழுதுகிறேன்.

“நம்பர் எங்கை?”

“இதுதான் தகடு.”

“தகடு தெரியுது. நம்பர் எங்கை?”

“கறள் திண்டிட்டுது” என்றேன். துருவேறிக் கறள் தின்ற தகடு அப்படி மினுங்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மெசினுக்குச் சாமான் வாங்கப் போகிறவர் கையில் காசு கொண்டுபோனால் போதும் என்று நினைத்திருந்தேன். நம்பர் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் பொய்தான். ஒருவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடியால்தான் நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் சவர்லாண்ட் மலைப்பக்கம். அகதி என்று பதிந்தபோது அரசாங்கம் கொண்டுவந்து விட்ட ஊர். மற்றவர்கள் எல்லாம் பட்டணம் பார்த்துப் போய்விட்டார்கள், நானும் இவரும் இங்கேயே வீடு வாங்கினோம். மூலை வளவு; இரண்டு தெரு சந்திக்கிற காணி. வாங்கும்போது பெருமையாக இருந்தது, இரண்டு தெருவிலும் எங்களுக்கு வேலி என்று. முதல் மாரியில், பனி கொட்டும் காலத்தில்தான் விளங்கியது, இரண்டு தெருவின் பனியும் எங்களுக்குத்தான் என்று. இங்கே சட்டம் அப்படி. காலை ஏழு மணிக்குள் வீட்டுக்கு முன்னால் ஆட்கள் நடக்கும் பாதையைத் துப்புரவாக்கிவிட வேண்டும். யாராவது சறுக்கி விழுந்தால் வீட்டுக்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அந்த மெசின்.

போன மாரியில் மெசின் உறுமியது, நகரவில்லை. மூன்று நாள் சவள் மண்வெட்டியால் தள்ளினேன். மூன்றாம் நாள் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் விழுந்தேன். வேலியைப் பிடித்து எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, மிச்சத்தையும் தள்ளி முடித்தேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. எதிர் வீட்டுக்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். ஈஸ்டர் விடுமுறைக்குப் பீலெஃபெல்டில் இருந்து மகன் வந்தபோது எல்லாவற்றையும் அவனிடம் கொட்டிவிட்டார். அன்றோடு நான் அந்த மனிதரோடு கதைப்பதை விட்டேன்.

மகன் குசினியில் சாப்பாட்டு மேசையில் இருந்தான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

“விழுந்தது பிழையில்லை அம்மா. ஏன் சொல்லேல்லை?”

“என்னத்தைச் சொல்லுறது? எழும்பிட்டன்தானே.”

“எழும்பாட்டி?”

“எழும்பாட்டி, பிறகு சொல்லியிருப்பன்.”

அவன் சிரிக்கவில்லை. “வாற மாரிக்கு முன்னம் மெசின் ஓடினா இருங்கோ. ஓடாட்டி வீட்டை விப்பம், எங்களோடை வந்திருங்கோ. புது மெசின் வாங்கித் தரமாட்டன். வாங்கித் தந்தா இன்னும் பத்து வருசத்துக்கு விழுந்து விழுந்து எழும்புவியள், ஒருத்தருக்கும் சொல்லமாட்டியள்.”

“சரி, நானே பாக்கிறன்” என்றேன். எத்தனை மெசினைக் கண்டவள் நான் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்.

பழுதானது பெரிய சாமான் இல்லை. மெசினின் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது, அதன் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். அந்த வளையம் ஓர் இரும்புத் தட்டில் உரசித்தான் மெசின் முன்னுக்குப் போகும். அது தேய்ந்தால் சத்தம் மட்டும்தான் மிச்சம். தேய்ந்ததை எடுத்துத் தையல் நூலால் சுற்றி அளந்து, முடிச்சுப் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்காரர் நூலைப் பார்த்துவிட்டு, “தேய்ஞ்ச செருப்பாலை காலை அளக்கிறியள்” என்றார். எந்தெந்த மெசினுக்கு எந்த வளையம் என்று கணக்கில்லாத வகை, ஒரு மயிர் அளவு பிழைத்தாலும் பிடிக்காது, நம்பர் இல்லாவிட்டால் தனக்குக் கண் தெரியாது என்றார். எஞ்சினில் ஒரு நம்பர் இருக்கிறதே என்றேன். அது எஞ்சினுக்கு, உடம்புக்கு இல்லை என்றார். பிறகு சுவரோரம் வரிசையாக நிறுத்தியிருந்த புது மெசின்களைக் கையால் காட்டினார். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். இலக்கம் உடனே வரும். விலைச்சீட்டைப் பார்த்தேன். அந்த இலக்கத்துக்கு ஊரில் ஒரு வளவு வாங்கின காலம் இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

பழைய சாமான் சந்தையில் ஒருவரிடம் மலிவாக ஒரு வளையம் கிடைத்தது. “எல்லாத்துக்கும் பொருந்தும்” என்றார். எல்லாத்துக்கும் பொருந்துவது ஒன்றுக்கும் பொருந்தாது என்பது சேலைக்கு உள்பாவாடை தைத்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாட்டி இழுத்தேன். மெசின் என் நீளத்துக்கு ஓடியது. பிறகு ரப்பர் எரிந்த மணம், கறுப்புத் துகள். அவ்வளவுதான். ஐப்பசி முடியப் போகிறது. ஒவ்வொரு விடியலும் எழும்பின கையோடு ஜன்னலைத் திறந்து மலையைப் பார்ப்பேன், வெள்ளை இறங்கியிருக்கிறதா என்று. கோப்பி ஆறிப் போகும். ஒரு இடத்தில் இருக்க ஏலாது. மெசின் நிற்கும் கொட்டிலுக்குப் போவேன், தகட்டைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். தகட்டைப் பார்க்கப் பார்க்க, முன்பே எனக்குச் சொல்லிவைத்த அந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார்.

நான் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த இடம், நோய் ஆறுகிறவர்கள் வந்து தங்கும் ஒரு பெரிய விடுதி. நான் நிலம் துடைக்கிறவள். அவர் அங்கே ஹவுஸ்மைஸ்டர். கதவு, குழாய், விளக்கு, கூரை, வெளியில் கொட்டும் பனி, எல்லாம் அவருடைய பொறுப்பு. ஆள் உயரம். இரண்டு காதையும் மூடும் ஒரு தொப்பி. பெற்றோலும் மிளகுக்கீரை இனிப்பும் கலந்த மணம். அவர் வருமுன் அவருடைய சாவிக்கொத்து வரும். யார் எந்த முறைப்பாட்டோடு போனாலும் ஒரே பேச்சுத்தான்: “முதல் நம்பர், பிறகு கதை.” அறை நம்பர், விளக்கின் நம்பர், குழாயின் நம்பர். நம்பர் சொல்லாவிட்டால் டாக்டருக்கும் முகம் திருப்புவார்.

எனக்கும் அவருக்கும் முதல் சண்டை சப்பாத்தால் வந்தது. நான் விடியப்புறம் வாசல் மண்டபத்தைத் துடைத்து முடிப்பேன். அவர் வெளியில் பனி தள்ளிவிட்டு, அந்தச் சப்பாத்தோடு மண்டபத்தின் நடுவால் நடப்பார். உப்பும் சேறும் ஒவ்வொரு அடியிலும். ஒரு நாள் தண்ணீர் வாளியைக் கதவுக்குக் குறுக்கே வைத்தேன். தாண்டிப் போனார். அடுத்த நாள் இரண்டு வாளி வைத்தேன். நின்று பார்த்தார். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு நடந்தார். ஒரு காலுறையில் ஓட்டை, பெருவிரல் வெளியில். நான் விரலைப் பார்த்தேன், அவர் கூரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு நிலவறைக் கதவால்தான் உள்ளே வருவார். இருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் என் வாளியின் கைப்பிடி ஆடத் தொடங்கினால், அடுத்த நாள் அது இறுகியிருக்கும்.

விடுதிக்குப் பெரிய பனி மெசின் வந்தபோது பழையதை எங்களுக்கு மலிவாக வாங்கித் தந்தவர் அவர்தான். வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய்ப் போத்தலோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். இவர் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுப்பார். இருவரும் ஒருவர் பாஷை மற்றவருக்கு வராமல், மெசினைச் சுற்றி நின்று தலையாட்டிக்கொண்டு நிற்பார்கள்.

ஆயுதபூசைக்கு எங்கள் வீட்டில் காருக்கும் தையல் மெசினுக்கும் பொட்டு வைக்கிறது வழக்கம். பனி மெசினை மட்டும் விடலாமா? அதற்கு ஒரு நெற்றியும் இருந்தது. அழுக்கு நெற்றியில் பொட்டு வைக்கிறவள் நான் இல்லை. தேசிக்காய் என்கிற எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, திருநீற்றில் தொட்டு, தகட்டை நல்லாகத் தேய்ப்பேன். குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரித்தான். பிறகு ஈரத்துணி, சந்தனம், குங்குமம். வருடா வருடம் தகடு மினுங்க மினுங்க எனக்கு உள்ளம் குளிரும்.

ஒரு வருடம் பூசைக்கு அடுத்த நாள் அவர் வந்தார். பொட்டைப் பார்த்தார், சிரிக்கவில்லை. பெருவிரலால் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார். சந்தனத்தோடு கறுப்பாக ஏதோ விரலில் வந்தது.

“இதைத் தேய்க்காதேங்கோ. இது மெசினின்ரை பாஸ்போர்ட். இது அழிஞ்சா, இது ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.”

பாஸ்போர்ட் என்ற சொல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை. எத்தனை மேசைக்கு முன்னால், எத்தனை சீருடைக்கு முன்னால், அந்த ஒன்று இல்லாமல் நான் நின்றிருக்கிறேன். “நான் பாஸ்போர்ட் இல்லாமத்தான் வந்தனான். உங்கடை நிலத்தை இவ்வளவு காலமாத் துடைக்கிறன். நான் ஆர் எண்டு உங்களுக்குத் தெரியாமலோ கிடக்கு?” இதைச் சொல்ல என் ஜெர்மன் போதாது, போதாதபடியால் இன்னும் கரடுமுரடாக விழுந்தது. அவர் எண்ணெய்ப் போத்தலை நிலத்தில் வைத்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“இஞ்சாரும், அந்தாள் மெசினைப் பற்றித்தான் சொன்னது” என்றார் இவர்.

“நீங்கள் அவற்ரை பக்கம்.”

“பக்கமில்லையப்பா, தகடு…”

“ஒண்டும் கதையாதேங்கோ.”

அடுத்த வருடம் நான் இரண்டு தேசிக்காய் போட்டுத் தேய்த்தேன்.

அதற்குப் பிறகு நானும் அவரும் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர வேறு சொல் கதைக்கவில்லை. முதலில் அவர் ஓய்வு பெற்றார், பிறகு நான். இவர் போய் ஆறு வருடம். அந்த மனிதரும் மூன்று வருடத்துக்கு முன் போய்விட்டார். சாவு அறிவித்தலைப் பார்த்தேன். கறுப்புச் சட்டை இல்லை, அதனால் போகவில்லை என்று மகனுக்குச் சொன்னேன். சட்டை இருந்தது.

நம்பர் தெரிந்த ஒரே ஆள் அவர். எல்லா மெசினின் தாளையும் கோப்பில் போட்டு வைக்கிறவர். கார்த்திகை பிறந்து முதல் உறைபனி புல்லில் விழுந்த காலை, அவருடைய மனிசியிடம் போவதென்று முடிவெடுத்தேன். தேவாலயத்துக்கு மேலே அவர்கள் வீடு. போகவா, விடவா என்று மூன்று பஸ்ஸை விட்டு நாலாவதில் ஏறினேன். பலகாரம் ஒன்றும் கொண்டுபோகவில்லை. பலகாரத்தோடு போனால் கெஞ்சப் போனமாதிரி இருக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்றபோது வெறுங்கை எனக்கே பாரமாக இருந்தது.

கதவைத் திறந்தவர் மெலிந்த, சுறுசுறுப்பான மனிசி. என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கள் அந்தத் தேசிக்காய்க்காரியெல்லே?”

எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, கோபிக்கவும் தெரியவில்லை. உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கோப்பி தந்தார். கோப்புகளைப் பற்றிக் கேட்டேன். “அதெல்லாம் முதல் மாசமே கடதாசிக் குப்பையிலை போட்டிட்டன். ஒரு சுவர் நிறையக் கிடந்தது. ஆருக்கு வேணும்?” என்றார். கோப்பையை மேசையில் வைத்தேன். வீடு கையை விட்டுப் போகிறது என்று அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. எழும்பினேன். எழும்பின பிறகு என்ன நினைத்தேனோ, பொய்யோடு திரும்பிப் போக மனம் வரவில்லை.

“கடைக்காரனுக்குக் கறள் எண்டு சொன்னனான். கறள் இல்லை. நான்தான் தேய்ச்சு அழிச்சனான். அவர் சொன்னவர். நான் கேக்கேல்லை.”

“அது எனக்குத் தெரியும்” என்றார் அந்த மனிசி. “அவருக்கும் தெரியும். அதுதானே வயித்திலை அடிச்சுவிட்டவர்.”

“எங்கை?”

“மெசினின்ரை வயித்திலை. உங்களுக்கு உங்கடை மனிசன் சொல்லேல்லையோ?”

நடந்தது இதுதான். பேரப்பிள்ளை பிறந்து, முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழியும் வரைக்கும் நான் பீலெஃபெல்டில் நின்ற மாதம், இவர் ரெலிபோன் எடுத்து அந்த மனிதரைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் இரும்பில் இலக்கம் குத்துகிற உளிகளை எடுத்துக்கொண்டு வந்து, மெசினைச் சரித்துப் போட்டு, தகட்டில் அரைகுறையாக மிஞ்சியிருந்த நம்பரைக் கண்ணாடி வைத்து வாசித்து, அடிவயிற்று இரும்பில் ஒவ்வொன்றாகக் குத்தியிருக்கிறார். பெருவிரல் நகம் கறுத்துப்போய் வீட்டுக்கு வந்தாராம். ஏன் அடியில் என்று மனிசி கேட்டதற்கு, “அங்கை அவ துடைக்கமாட்டா” என்றாராம்.

அந்தச் சொல் எனக்குச் சுள்ளென்று பட்டது. ஆயுள் முழுக்கத் துடைத்தவளைப் பார்த்துச் சொல்கிற சொல்லா அது? ஆனால் மெசினின் அடிப்பக்கத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. இவரும் செத்து முடியும்வரை வாய் திறக்கவில்லை. எனக்குச் சொல்லியிருந்தால் அதையும் தேய்த்திருப்பேன் என்று இவருக்குத் தெரியும்.

வாசலில் வைத்துப் பாஸ்போர்ட் கதையைக் கேட்டேன். அவர் வீட்டில் ஏதாவது சொன்னாரா என்று. “மெசினைச் சொன்னன், தன்னைச் சொன்னதா அந்த மனிசி எடுத்திட்டா, திருத்த எனக்கு வாய் வரேல்லை எண்டவர்” என்றார். “அவருக்கு இரும்போடை மட்டும்தான் கதைக்கத் தெரியும்.”

மெசினைச் சரிக்க எனக்குத் தனியாக ஏலாது. எதிர் வீட்டு மணியை அடித்தேன். எட்டு மாதம் கதைக்காத மனிதர் கதவைத் திறந்து, நான் ஏச வந்திருக்கிறேன் என்று ஒரு அடி பின்னுக்குப் போனார். “ஒரு கை பிடிக்கவேணும்” என்றேன். செருப்போடேயே வந்தார். இருவருமாகச் சரித்தோம். அடியில் பழைய புல், மசகு, உப்பு, கறள், எல்லாம் சேர்ந்து ஓடுபோல ஒட்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. கத்தி முனையால் சுரண்டினேன், தேசிக்காய் எடுக்கவில்லை. முதலில் ஒரு ஏழு வந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று மற்றவற்றைவிட ஆழம்; நகத்தில் அடிபட்டது அந்த இலக்கத்தில்தான் என்று நினைக்கிறேன். நானே வாசித்தேன், எதிர் வீட்டுக்காரர் எழுதினார்.

நம்பரைக் கொடுத்ததும் கடைக்காரரின் முகமே மாறிவிட்டது. அந்தக் கம்பெனியின் அசல் வளையம் விலை கூட. அதே அளவில் வேறொருவர் செய்வது கால்வாசி விலைக்கு இருந்தது. நாலு பேர் கடையில் இருந்து சாப்பிடுகிற காசு. அவ்வளவுக்குத்தான் வீடு போகப் பார்த்தது.

வளையம் மாட்டி மெசின் ஓடின அன்று மகனுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

“எங்கையம்மா நம்பர் கிடைச்சது? கறள் திண்டதெண்டு சொன்னியள்?”

“கறள் இல்லை. நான்தான் அழிச்சனான். அந்த ஹவுஸ்மைஸ்டர் அப்பவே சொன்னவர். பிழை என்னிலைதான்.”

 இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

“என்ன, நிக்கிறியோ?”

“நிக்கிறன். இப்பிடி ஒரு வசனம் உங்கடை வாயிலை நான் கேட்டதில்லை. அதுதான்.” பிறகு சொன்னான்: “மெசின் ஓடுறது எனக்குப் பெரிசில்லை அம்மா. ஏலாத நாளிலை ஏலாது எண்டு சொல்லுவியளோ? அது போதும். வீடு இருக்கட்டும்.”

“சொல்லுவன்” என்றேன். சொல்வது சுலபம். மார்கழியில் இரண்டு தடவை பனி கொட்டியது. இரண்டு தடவையும் ஆறு மணிக்கே இரண்டு தெருவையும் முடித்தேன். மெசின் புது மாடு மாதிரி இழுத்தது. அடியில் இருக்கிற நம்பருக்குப் பின்னால் நான் நடந்து போகிறேன் என்ற நினைப்பு ஒவ்வொரு தடவையும் வந்தது. அந்த மனிதருக்கு நன்றி என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எந்த அறைக்கு, நம்பர் என்ன என்று கேட்டிருப்பார்.

தையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாளைக்குப் பெரும் பனி என்று செய்தியில் சொன்னார்கள். பின்னேரம் முழுக்க ரெலிபோனை எடுத்து எடுத்து வைத்தேன். போய்ச் சப்பாத்தைக் கதவடியில் வைத்தேன், பிறகு திரும்ப எடுத்து உள்ளே வைத்தேன். கடைசியில் அவனுடைய இலக்கத்தை அழுத்தினேன்.

“நாளைக்கு எனக்கு ஏலாது.”

“வாறன்” என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் வந்து சேர்ந்தான்.

காலையில் மெசின் சத்தத்தில் கண் விழித்தேன். போர்வையைச் சுற்றிக்கொண்டு ஜன்னலடியில் வந்து இருந்தேன். மகன் தலையில் தொப்பியில்லாமல், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, அப்பாவின் நடையில் தள்ளிக்கொண்டு போனான். வேலியோரம் மூன்று விரல் அகலத்துக்குப் பனியை, நீளத்துக்கும் எடுக்காமல் ஒரு வெள்ளைக் கோடாக விட்டுப் போகிறான். திரும்பி வரும்போது எடுப்பான் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கை பரபரத்தது. ஜன்னலைத் தட்டி ஓரத்தைக் காட்ட வேண்டும் போல இருந்தது. கையை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

எழும்பவில்லை.